துகா அழுத நாள்

பஸ்ராவின் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தைகள் வார்டில், துகா நாலு வயதுக் கர்ராரின் புறங்கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, விரல்கள் நடுங்கின.

"ஊசி உனக்கா, அவனுக்கா? அவனே சும்மா இருக்கான், நீ ஏன்டி நடுங்கறே?" என்றாள் பின்னால் நின்ற உம் சஜ்ஜாத்.

கர்ரார் சிரித்துவிட்டான். துகாவும் சிரித்தாள். நரம்பு கிடைத்தது.

உம் சஜ்ஜாத் அந்த வார்டின் மூத்த நர்ஸ். 'சஜ்ஜாத்தின் அம்மா' என்று மகன் பேரை வைத்துத்தான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். புதிதாக வரும் பெண்களை அவளிடம்தான் விடுவார்கள். ஊசி பிடிக்கச் சொல்லித்தரும் முன்பே அவள் ஒன்றைச் சொல்லிவிடுவாள்: "புள்ள செத்துப்போனா உறவுக்காரங்க முன்னாடி அழுதுடாதீங்க. நர்ஸ் அழுதா, தப்பு இவளோடதுன்னு முடிவு கட்டிடுவாங்க. குலமே திரண்டு வந்து உங்க வீட்டு வாசல்ல நிக்கும்."

கல்நெஞ்சுக்காரி என்று துகா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் நண்பகலில் குழாயில் ஆக்சிஜன் நின்றுபோனது. மாற்று சிலிண்டரை உருட்டிவந்து திறந்தார்கள். காலி. நிமோனியாவில் மூச்சுத் திணறிய கர்ராருக்கு துகா காற்றுப் பையைக் கையாலேயே அமுக்கினாள். விரல்கள் மரத்தும் அவள் விடவில்லை. கடைசியில் உம் சஜ்ஜாத்தான் அந்தக் கையைப் பிரித்தெடுத்தாள்.

"போதும்டி. முகத்தைக் கழுவிட்டுப் பின்பக்கமாப் போயிடு."

துகா போகவில்லை. முன்கதவைத் திறந்துகொண்டு போய், கர்ராரின் தாய் ஜஹ்ராவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பக்கத்தில் நின்ற கர்ராரின் பெரியப்பா துகாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்தது எங்க புள்ள. நீ எதுக்கு இப்படி அழறே? அவனை என்ன செஞ்சே, சொல்லு!"

சாயங்காலத்துக்குள் குலத்துப் பெரியவர்கள் ஆஸ்பத்திரித் தலைவரின் அறையில் இருந்தார்கள். புதுப் பெண், அனுபவம் போதாது, வேலையை விட்டு நீக்கியாகிவிட்டது என்றார் தலைவர். சிலிண்டர் பேச்சே எழவில்லை. அவர்கள் போனதும் உம் சஜ்ஜாத் உள்ளே நுழைந்தாள்.

"சிலிண்டர் காலியா இருந்துச்சுன்னு நான் அவங்ககிட்ட சொல்றேன், டாக்டர்."

"தாராளமா சொல்லுங்க. அப்புறம் அவங்க உங்க வீட்டுக்கு வருவாங்க. உங்களுக்கும் பசங்க இருக்காங்க இல்ல?"

அவள் வார்டுக்கே திரும்பிப் போனாள்.

துக்கம் விசாரிக்கும் மூன்று நாளில் கடைசி நாளன்று, மனசு கேட்காமல் உம் சஜ்ஜாத் ஜஹ்ராவின் வீட்டுக்குப் போனாள். பெண்கள் நடுவே ஜஹ்ராவின் காதருகே குனிந்து சொல்லியேவிட்டாள்: "அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல, உம் கர்ரார். ஆக்சிஜன்தான் இல்ல."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் ஜஹ்ரா. "அந்த ஆஸ்பத்திரியில என்கூட அழுதது அவ ஒருத்திதான். எங்க ஆம்பளைங்க என்னை எங்க கேட்டாங்க?"

ஆண்கள் அமர்ந்த கூடாரத்தைத் தாண்டித்தான் தெருவுக்கு வரவேண்டும். உள்ளே துகாவின் அப்பா, மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவர், மகளுக்காக மன்னிப்புக் கேட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கேட்டு வந்தவர் அது கிடைக்கும்வரை காப்பியைத் தொடக்கூடாது என்பது அங்கே முறை. அவர் முன்னால் தரையில் இருந்த கோப்பை ஆறிப்போயிருந்தது. பெரியப்பாவின் பக்கத்து இருக்கையில் ஆஸ்பத்திரித் தலைவர், இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.