சுவர் தாண்டிய தூக்குச்சட்டி

அடுத்த நாட்டோடு நடக்கப்போகும் போருக்கு எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டிதான் காரணம் என்று செவ்வாய்க்கிழமை காலையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதுவும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் வீட்டுச் சுவரிலேயே.

எல்லைக்கோடு எங்கள் கொல்லைச் சுவர்மேல் போகிறது. அந்தப்பக்கம் அமலோற்பவம் அக்கா வீடு. பதினெட்டு வருடமாக அந்தச் சட்டி சுவர் தாண்டிப் போய்வருகிறது. நான் குழம்பு கொடுத்தால் அக்கா சர்க்கரை போட்டுத் தருவார். பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது இல்லையா. அது யாருடைய சட்டி என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது. யாரிடம் இருக்கிறதோ அவர் திருப்பவேண்டும், அவ்வளவுதான். போன மாதம் போன சட்டி இன்னும் வரவில்லை.

இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே ஜீப்பில் வந்தார்கள். எங்கள் பக்கத்து அதிகாரி பெயர் பத்மநாபன்.

“துறைமுகத்துக்காகத்தான் சண்டைன்னு ஊருக்கே தெரியும் சார். எண்ணெய்க் குழாய் யார் நிலத்துல போறதுன்னு நாலு வருஷமா இழுக்கிறீங்க. என் சட்டி உங்களை என்ன பண்ணுச்சு?”

“அதெல்லாம் படிவத்துல அடங்காதும்மா. காரணம் எழுத அரை வரிதான் விட்டிருக்காங்க.”

அடுத்த நாட்டு அதிகாரி தலையாட்டினார். அவர்கள் படிவமும் அதே அச்சகத்தில் அடித்ததுதான்.

போருக்குக் காரணம் என்று எந்த வீட்டை எழுதுகிறார்களோ, அந்த வீட்டுப் பிள்ளைதான் முதலில் போருக்குப் போகவேண்டும் என்பது சட்டம். என் மகன் குணாளனுக்குப் பத்தொன்பது வயது.

“சட்டி திரும்பி வந்துட்டா?”

“போர் ரத்து.”

சுவருக்கு ஓடினேன். “அக்கா, சட்டியைக் கொடுங்க. வெறுமனே கொடுங்க, பரவாயில்ல.”

“என்ன பேச்சு பேசுற? துறைமுகத்தை அடைச்சதுல இருந்து வீட்ல ஒரு பிடி சர்க்கரை இல்ல. அதுக்காகப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறும் சட்டியா கொடுப்பேன்?”

கோபம் வந்தது. ஆனால் நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா சட்டியை நீட்டினார். கனத்தது. திறந்தால் உள்ளே துறைமுகம் இருந்தது. நாலு கப்பல் நின்றன. ஒன்று சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

“வேற ஒண்ணும் கிடைக்கலம்மா,” என்றார் அக்கா.

பத்மநாபன் எட்டிப் பார்த்தார். ‘போர் ரத்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் குணாளனைக் கட்டிக்கொண்டேன். அதிகாரிகள் இருவரும் துறைமுகத்தைச் சிந்தாமல் ஒரு வாளியில் ஊற்றி ஜீப்பில் ஏற்றினார்கள்.

“சட்டியைக் கழுவுங்கம்மா. துறைமுகம் வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பினா நாட்டுக்கே அவமானம்.”

“என் வீட்ல போட என்ன இருக்கு?”

பத்மநாபன் அளவு நாடாவை எடுத்துக் குணாளனை அளந்தார். முழங்காலை மடக்கினால் சரியாக இருக்கும் என்றார். நாசமாய்ப் போவீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க. அந்தம்மா சட்டியைச் சும்மா திருப்புற ஆள் இல்ல. ஏதாவது போட்டுத்தான் கொடுப்பாங்க.”

குணாளன் சட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தான். அடங்கிவிட்டான். நான் ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்து, மூடியில் காற்றுக்கு நாலு ஓட்டை போட்டேன்.