சண்முகவடிவுக்கு நாலு அங்குலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு மாசி மாதம், இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் சின்னக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆற்றில், ஊரைவிட்டுப் போனவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தண்ணீர் அரை அங்குலம் ஏறியது. அதற்கு முந்திய கார்த்திகையோடு மழை நின்றிருந்தது. கொழுந்து பாதியாகக் குறைந்துவிட்டது, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இரண்டில் அம்மை போட்டிருந்தது. ஆறு ஏறிய செய்தியும் இவற்றோடு ஒன்றாகத்தான் அந்த மாதம் பேசப்பட்டது.

ஆற்றை அளந்தவர் இராமையா. முன்பு சில்லறைக் கங்காணி. பதினான்கு வருடம் காலை ஆறு மணிக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று தன் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டவர். அவர் குரல் அடுத்த மலைக்குக் கேட்கும், அங்கே உள்ளவர்களும் எழுந்து முகம் கழுவுவார்கள் என்று கேலி பேசுவார்கள். நோட்டனில் அணை கட்டிய பிறகு ஆற்றில் அடியும் அங்குலமும் எழுதிய பலகை ஒன்றை நட்டார்கள். அதைப் படித்து எழுத எண் தெரிந்த ஆள் வேண்டுமென்று தோட்டத்துப் பெரியதுரையிடம் கேட்டபோது, துரை இவரைக் கொடுத்துவிட்டார். காலையிலும் மாலையிலும் ஆற்றுப் பலகை, புதன்கிழமை லயத்துக் கிணற்றில் முடிச்சுப் போட்ட கயிறு, சனிக்கிழமை கீழே நடந்துபோய் அணையின் மட்டம். மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும். பலகையோ கயிறோ பதில் பேசுவதில்லை. இராமையாவும் மெல்லப் பேச்சை விட்டுவிட்டார்.

அவருடைய மனைவி சண்முகவடிவு ஐம்பத்தொன்பதில், தாயாருக்கு முடியவில்லை என்று தந்தி வந்து, இந்தியாவுக்கு, துறையூருக்குப் போனவள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று தாள் கொடுத்திருந்தார்கள். திரும்பும்போது பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்கள். குடியுரிமைக்கு மனு எழுத வந்த குமாஸ்தா பல வருடத்துக்கு முன் லயத்தில் உட்கார்ந்து கணவன் பெயரைக் கேட்டபோது, இராமையா ஆற்றில் இருந்தார். சண்முகவடிவு புருஷன் பெயரைச் சொல்கிறவள் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து “இந்தாங்க” என்றுதான் கூப்பிட்டாள். குமாஸ்தா மூன்று முறை கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். அவருக்கு இன்னும் நாற்பது வீடு எழுத வேண்டியிருந்தது, கட்டத்தை வெறுமையாக விட்டுப் போய்விட்டார். கணவன் பெயர் இல்லாதவளுக்கு இலங்கையில் கணவன் இல்லை என்று முடிவானது. அவள் அங்கே மேல்மனு போட்டுவிட்டுக் காத்திருந்தாள், இவர் இங்கே காத்திருந்தார். லயத்து அறையில் ஒருவருக்குச் சோறு வடிப்பது இராமையாவுக்குக் கடைசிவரை பழகவில்லை. இரண்டு பேருக்கு வடித்துவிட்டு இரவில் தண்ணீர் ஊற்றி வைப்பார்.

ஆற்றிலிருந்து, லயத்தார் குடம் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயின் வாய் ஓரடி நாலு அங்குலத்தில் இருந்தது. மட்டம் அதற்குக் கீழே போனால் எண்பது குடும்பத்துக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கிணற்றில் கயிறு ஏற்கனவே சேற்றைத் தொட்டிருந்தது. மாசி ஐந்தாம் நாள் மட்டம் சரியாக ஓரடி நாலு அங்குலம். காலை ஆறு மணி, பனி, பதினான்கு வருடப் பழக்கம், எல்லாம் சேர்ந்து இராமையாவின் வாய் தவறியது. பெரட்டு என்று நினைத்துப் பழைய பட்டியலின் முதல் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். “வேலாயி!” வேலாயி ஐம்பத்து நாலிலேயே கப்பலேறிப் போய்விட்டவள். தண்ணீர் அரை அங்குலம் ஏறியது. இராமையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், பிறகு ஏட்டில் எழுதினார்.

ஏட்டைச் சரிபார்க்க வரும் கஸ்பர் கடிகாரத்தோடும் அடிக்கோலோடும் இரண்டு நாள் கரையில் நின்று பார்த்தார். “மழ இல்லாம ஏறுதுன்னு மேல எழுதினா என்னைய அங்கொடப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க கங்காணி” என்றார். ஆனாலும் கண்ணால் கண்டதை எழுதாமல் விடுகிற ஆள் இல்லை. ஏட்டில் சிவப்பு மையால் இரண்டு கட்டங்கள் கூடுதலாகக் கோடு போட்டார். ஒன்று கூப்பிட்ட பெயர், மற்றது கூப்பிட்டபின் மட்டம்.

ஒரு பெயருக்கு ஒரு தடவைதான் ஏறும். தண்ணீர் தினமும் அரை அங்குலம் குறையும், ஒரு பெயர் அதை ஈடுகட்டும். இப்படி இருபத்தாறு பெயரில் மாசி கழிந்தது. ஒரு நாள் செல்லசாமியின் பெயருக்கு மட்டும் தண்ணீர் அசையவில்லை. செத்துப்போனானோ என்று அவன் தங்கை அழுதாள். அதற்குப் பதினோராம் நாள் செல்லசாமி தலைமன்னாரிலிருந்து தகரப்பெட்டியோடு வந்து இறங்கினான். திரும்பி வரப்போகிறவர்களுக்கு ஆறு ஏறாது என்பது அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது. இராமையாவுக்கு அது தண்ணீர் அசையாத அன்றைக்கே விளங்கிவிட்டது, சண்முகவடிவின் பெயரைப் பட்டியலில் சேர்க்காமலே வைத்திருந்தார்.

பங்குனியில் பெயர்கள் தீர்ந்தன. ஆறே நாளில் மட்டம் ஓரடி ஓரங்குலத்துக்கு வந்தது. பீலி காய்ந்தது. பக்கத்து லயத்து ராக்காயி வெறுங்குடத்தோடு ஆற்றங்கரைக்கு வந்தாள்.

“அண்ணே, புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க. மதினி பேரு ஒண்ணுதான் மிச்சம்.”

“அவ வருவா தாயி.”

“வர்றவங்கன்னா தண்ணி ஏறாது. அது ஒங்களுக்குச் சந்தோசம்தானே? ஏறுனா எங்களுக்கு.”

இராமையா அன்றிரவு தூங்கவில்லை. ஏறக்கூடாது என்று வேண்டிக்கொண்டார், குடத்தை நினைத்தபோது அப்படி வேண்டியதற்கு வெட்கப்பட்டார். காலை ஆறு மணிக்குப் பலகைக்கு நேரே நின்று, பெரட்டுக்களத்தில் கூப்பிடுகிற அதே குரலில், “சண்முகவடிவு!” என்றார். அரை அங்குலம் இல்லை. நாலு அங்குலம் ஏறியது. பீலியில் தண்ணீர் விழும் சத்தமும் பெண்களின் கூச்சலும் மேலே கேட்டன. அவர் எண்ணைத் தெளிவாகத்தான் எழுதினார். பிறகு கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மற்றவர்களின் பெயரைப் போல் இல்லாமல், அவள் பெயருக்கு ஆறு தினமும் ஏறியது. மாலைக்குள் பழைய மட்டத்துக்கு இறங்கிவிடும், அதற்குக் கீழே போகாது, காலையில் கூப்பிட்டால் மறுபடி நாலு அங்குலம். மூன்று வாரம் தோட்டம் அந்தத் தண்ணீரைக் குடித்தது. சித்திரையில் கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. “வர முடியாதுன்னு முடிவாச் சொல்லிட்டாங்க. நீங்க கூப்புடுறது காலையில கெணத்தடியில கேக்குது. கேட்டதும் கெணத்துல நாலு அங்குலம் எறங்குது, கல்லுல கோடு போட்டுப் பாத்தேன். ஊரு சனங்க என்னைய ஏசுது. இங்க ஐப்பசி கார்த்திகையிலதான் தண்ணி. அப்பக் கூப்புடுங்க. நிறுத்திப்புடாதீங்க.”

அந்த வாரமே மலையில் மழை பிடித்ததால் கூப்பிட வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. இராமையா பதில் போட்டார்: ஆனி ஆடியில் இங்கே வெள்ளம், உனக்கு வேண்டுமானால் நீ கூப்பிடு. அவள் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதன்பிறகு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவர் கூப்பிட்டார், ஆறு ஏறியது. மற்ற மாதங்களில் பலகையைப் பார்த்து, எழுதி, அறைக்கு வந்து இரண்டு பேருக்குச் சோறு வடித்தார்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு துறையூர்ப் பக்கம் கிணறுகள் வற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டார். இங்கே ஆடி மாதம், பதினோரு நாளாக விடாத மழை. ஒரு காலை கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கரையில் நின்று ஒன்பதடி இரண்டு அங்குலம் என்று எழுதி முடித்தபோது, அந்தப் பேய் மழையில், கண்ணெதிரே, ஆறு நாலு அங்குலம் இறங்கியது. இராமையா கம்பளியைத் தலையிலிருந்து எடுத்தார். பெரட்டில் பெயர் கேட்டவன் நிற்பதுபோல் நேராக நின்றார். “இருக்கேன் புள்ள” என்றார்.

பிறகு கூப்பிட்டபின் மட்டம் என்ற கட்டத்தில் எட்டடி பத்து அங்குலம் என்றும், கூப்பிட்ட பெயர் என்ற கட்டத்தில் இராமையா என்றும் எழுதினார். சனிக்கிழமை கஸ்பர் வந்து கழித்துப் பார்த்தார். வித்தியாசம் நாலு அங்குலம், சரியாக இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டார்.