கல்லின் நுனியில் ஒரு தூக்கம்

தேபஸ் கோயிலிலிருந்து அந்த ஒற்றைக்கல் தூணைப் பெயர்த்து, நைல் வழியாக எங்கள் அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுவரச் சொன்ன ரோமச் சக்கரவர்த்தி, அது கடல் தாண்டுவதற்குள் செத்துப் போனார். இருபது வருஷமாகத் துறைமுகத்தில் படுத்தே கிடந்தது கல். அதன் கூர்முனையில் நடுப்பகலில் தூங்கிக் கனவு கண்டால் கேட்டது கிடைக்கும் என்று ஊரே நம்பியது. ஒரு நாளைக்கு ஒருவர்தான். முறைக்கு அடையாளமாக ஒற்றைச் செருப்பைக் கல்லடியில் வரிசையாக வைக்க வேண்டும். அதனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு திரிந்தார்கள்.

என் ஓர்ப்படி செனூபி அங்கே தூங்கினாள்; பத்தாம் மாதம் பையன் பிறந்தான். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், மடி காலி. அந்தக் குழந்தை சிரித்தால் எனக்கு வயிறு எரியும். அவள் போன இடத்துக்கு நானா என்று வீம்பாக இருந்துவிட்டு, கடைசியில் நானும் செருப்பு வைத்தேன். அவளோ பெண் பிள்ளை வேண்டுமென்று மறுபடி வைத்திருந்தாள், அதுவும் வரிசையில் எனக்கு ஒரு இடம் முன்னால்!

செத்துப்போன சக்கரவர்த்தியின் மகன் இப்போது கல்லை ரோமுக்குக் கேட்டு, முந்நூறு பேர் துடுப்புப் போடும் கப்பலை அனுப்பியிருந்தார். கயிறு கட்டும் வேலைக்குப் போயிருந்த என் புருஷன் சாயங்காலம் வந்து சொன்னான்:

"நாளன்னிக்கு விடியும்போதே கல்லைக் கட்டிருவோம்டி. அப்புறம் யாரையும் கிட்ட விட மாட்டாங்க."

நாளைக்கு அவள் முறை. நாளன்னிக்கு என் முறை. ஏற்கெனவே ஒரு பிள்ளை வைத்திருப்பவளுக்கு இன்னொன்றா?

விடிந்ததும் ஓடினேன். அவள் செருப்பைப் பின்னால் தள்ளி, என்னுடையதை முன்னால் வைத்தேன்.

நடுப்பகலில் நுனியில் ஏறிப் படுத்தேன். கண்ணை மூடினால் நிழல் விழுந்தது. செனூபி! இடுப்பில் பையன், கையில் விரித்த துணி.

"எதுக்குடி வந்தே?"

"வெயில் சுடுமேக்கா, அதான். எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு, நாளைக்குக் கல்லைக் கட்டிருவாங்கன்னு. உங்க செருப்ப முன்னால வைக்கலாம்னு காலைல வந்தேன். நீங்களே வச்சிட்டீங்க. எனக்குத்தான் இவன் இருக்கானே. பேசாம தூங்குங்க."

வெயில் சாயும்வரை கால் மாற்றி மாற்றி நின்றபடி துணியைப் பிடித்திருந்தாள். எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம்கூட வரவில்லை.

மறுநாள் கல் போயிற்று. துறையில் எல்லாரும் அழுதார்கள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை ஒருபுறம் இருக்கட்டும், அப்படி ஒரு மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று வயிறு எரிந்தது.