ஏழு சுற்று

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ராஜதாஸ் வால்வுக் குழியின் இரும்பு மூடியைச் சரித்து வைத்துவிட்டு, உள்ளே இருந்த இரண்டு வால்வுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்று அவருடையது, அதில் பிரியும் குழாய் மேட்டுவிளைக்கு ஏறுகிறது. மற்றது ஸ்தனிஸ்லாஸுடையது, அது தாழவிளைக்கு இறங்குகிறது. இரண்டுக்கும் ஒரே தொட்டித் தண்ணீர், இரண்டு பேருக்கும் குடிநீர் ஆபீசில் ஒரே தினக்கூலி. ஆனால் தண்ணீர் மனிதர்களைப் பார்ப்பதில்லை, மேடு பள்ளத்தைத்தான் பார்க்கிறது. மேட்டு வால்வை இருபத்திரண்டு சுற்றும் முழுக்கத் திறந்தாலும் கடைசி வீடுகளில் காற்றுதான் சீறும். தாழ வால்வை ஏழு சுற்று திறந்தால் போதும், வாளி நிறைந்து வழியும். எட்டாவது சுற்று திறந்தால் மேட்டுக்கு ஒன்றும் ஏறாது. ஆகவே ஏழு என்பது இருவருக்கும் வேதவாக்கு.

அன்றைக்கு இரண்டையும் திறக்கிற வேலை ராஜதாஸுக்கு. முந்தின நாள் சாயங்காலம் ஸ்தனிஸ்லாஸ் போனில் கேட்டிருந்தான்.

"அண்ணே, நாளைக்கு தாழவிளை அசோசியேசனுக்க ஆண்டு விழா ஆக்கும். எனக்கு பொன்னாடை போடுதாவளாம். வேண்டாம்ணு சொன்னேன், கேக்கல்ல. எனக்க வால்வையும் ஒண்ணு திறந்து விடுவியளா? ஏழு சுத்து."

"ஏழுண்ணு எனக்குத் தெரியாதாலே? நீ போ."

போனை வைத்த பிறகு ராஜதாஸுக்கு வயிறு எரிந்தது. பொன்னாடை. பத்தொன்பது வருடமாக அவர் மேட்டுவிளைக்காரர்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிறார். மழையில் குழியிறங்கி நடு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். தண்ணீர் வராத நாளில் போகிற வழியெல்லாம் "எலே ராஜதாசே, வெள்ளம் எங்கலே?" என்ற கேள்விதான், பதில் சொல்லி முடிப்பதற்குள் செத்துப்போன அவர் அம்மாவையும் இழுத்துவிடுவார்கள். ஸ்தனிஸ்லாஸ் நாலு வருடத்துக்கு முன் வந்தவன். பொழியூரில் வீட்டைக் கடல் எடுத்தபின் பெண்டாட்டி பிள்ளையோடு வாடகைக்கு வந்து ஒண்டினான். பாவம் என்று ராஜதாஸ்தான் வால்வு திறக்கக் கற்றுக்கொடுத்தார். இப்போது அவனுக்குச் பலா சீசனில் சக்கை, கிறிஸ்துமஸுக்குக் கேக்கு, நின்ற இடத்தில் சாயா. பள்ளத்தில் தண்ணீர் பாய்ந்ததற்குப் பொன்னாடை போடுவதென்றால் அதைக் கடவுளுக்கல்லவா போட வேண்டும்?

காலையில் புட்டு எடுத்துவைத்தபடி மனைவி ஆனந்தபாய் வேறு சொன்னாள்: "கேட்டியளா, ஸ்தனிஸ்லாசுக்கு போட பாலராமபுரத்திலயிருந்து சரிகைக்கரை வச்ச கசவுத் துணி வாங்கிருக்காவளாம். நல்ல மனுசன். ஒரு கொறவு சொல்ல முடியாது." பாதிப் புட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

இடுப்பளவு நீளமான இரும்புச் சாவியை ராஜதாஸ் தாழ வால்வில் பொருத்தினார். ஒன்று. இரண்டு. துருப்பிடித்த தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் கிரீச்சென்று கத்தியது. இரண்டோடு சாவியை உருவிவிட்டார். பந்தியில் கைகழுவத் தண்ணீர் இல்லாமல் நாலு பேர் அவனை நாலு கேள்வி கேட்கட்டும், பொன்னாடையோடு நின்று பதில் சொல்லட்டும். பிறகு தன் வால்வை இருபத்திரண்டும் திறந்தார்.

அன்றைக்கு மேட்டுவிளையில் தண்ணீர் பாய்ந்து ஏறியது. கடைசி வீட்டுக் கிருபாபாய் வாசலுக்கு வந்து, "மக்கா ராஜதாசே, என்ன அதிசயம்? மேல உள்ள டாங்கு வரைக்கும் ஏறுதே. நீ நல்லாயிருப்பே" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து கேட்ட முதல் நல்ல வார்த்தை. கட்டன்சாயாவும் கொடுத்தாள். ஒரு மணி நேரம் ராஜதாஸ் சந்தோஷமாக இருந்தார்.

அவ்வளவு அழுத்தத்தைக் கண்டு பழகாத பழைய குழாய் ஒன்பதரை மணிக்கு, வால்வுக் குழிக்கு நாற்பதடி மேலே, வளைவில் இணைப்பு விட்டுப் பொட்டியது. ரோடு வீங்கிப் பிளந்து செம்மண் வெள்ளம் கிளம்பியது. ராஜதாஸ் ஓடி வந்தபோது பக்கத்து மதிலின் அடிமண் கரைந்துகொண்டிருந்தது. முதலில் வால்வை அடைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் குதித்து இணைப்பின்மேல் அமுக்கினார். ஆபீசில் விஷயம் தெரிந்தால், நாளை வரவேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும். தினக்கூலிக்காரனுக்கு அதற்குமேல் விசாரணை கிடையாது.

அப்போது ஸ்தனிஸ்லாஸின் ஸ்கூட்டர் வந்து நின்றது. தோளில் பொன்னாடை.

"அங்க வெள்ளம் கொறவுண்ணு பாக்க வந்தேன் அண்ணே. நீங்க சாக்கை விடாதீங்க. நான் அடைச்சிட்டு வாறேன்."

ராஜதாஸ் வாயைத் திறப்பதற்குள் அவன் சாவியோடு இறங்கிப் போய்விட்டான். கிரீச், கிரீச். ராஜதாஸ் எண்ணினார். இருபத்திரண்டில் நின்றது. கைக்கடியில் வேகம் தணிந்தது.

மறுபடியும் கிரீச். தாழ வால்வு. வால்வு வேலைக்காரன் எவனும் கண்ணை நம்பமாட்டான். முழுக்க அடைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பத் திறப்பான். அதைச் சொல்லிக்கொடுத்ததே ராஜதாஸ்தான். ஒன்று. இரண்டு. சத்தம் நின்றது.

ஏழு இருக்க வேண்டிய வால்வு இரண்டிலேயே அடைந்துவிட்டது. பிறகு நிதானமாக ஏழு.

ஸ்தனிஸ்லாஸ் வந்து பள்ளத்துக்குள் இறங்கினான். ராஜதாஸின் முகத்தைப் பார்க்கவில்லை. மேட்டுக் குழாயில் நின்ற தண்ணீர் இன்னும் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது, சாக்கு கிழிந்துவிட்டது. அவன் பொன்னாடையை உருவி இணைப்பைச் சுற்றத் தொடங்கினான்.

"வேண்டாம்லே. புதுத் துணி."

"பிடியுங்க அண்ணே." முடிச்சை இறுக்கினான். "ஆபீசுக்கு நான் போன் பண்ணுதேன். பழைய பைப்பு, தானா பொட்டிப்போச்சுண்ணு சொன்னா தீந்துது."

அவன் போனோடு மேலே ஏறினான். ராஜதாஸுக்கு நன்றி வரவில்லை. கேவலமாக இருந்தது, அதைவிட அதிகமாக எரிந்தது. இதிலும் அவன்தான் நல்லவன். வேடிக்கை பார்க்க இறங்கி வந்திருந்த கிருபாபாய், "எந்த வீட்டுப் புள்ளையோ, தங்கமான பயல்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

விட்டால் தண்ணீர் பீறிடும். முழங்கால்வரை சேற்றில் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் வந்த முதல் பொன்னாடை. கசவுக்கரை வழியாகச் செந்தண்ணீர் கசிந்து விரல்களுக்கிடையில் இறங்கிக்கொண்டிருந்தது.