சஹனில் ஸுகைனாவின் பக்கம்

மெக்னேஸ் நகரத்தில், கோதுமை ரவையை ஆவியில் வேகவைக்கும் குஸ்குஸ் என்பது வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு. ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் திரும்புவதற்குள் எல்லா வீட்டு அடுப்பிலும் அது ஆவி விட்டுக்கொண்டிருக்கும். நஜாத்தின் வீட்டில் மட்டும் அதை இரவில் சாப்பிட்டார்கள். அவள் கணவன் ஷுஐப் அகாதிரிலிருந்து தான்ஜியருக்குத் தக்காளி ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிறவன். வாரமெல்லாம் சாலையில் கிடந்துவிட்டு, வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில்தான் வீட்டுக்கு வருவான். அவனுக்காக நஜாத் மதியம் அக்கம்பக்கத்து வாசனையைப் பொறுத்துக்கொண்டு ரொட்டியும் ஆலிவும் தின்பாள். பிற்பகலில் அடுப்படிக்குள் போவாள். மூன்று தடவை ஆவியில் வைத்து, ஒவ்வொரு தடவையும் கொட்டி, உப்புத்தண்ணீர் தெளித்து, கட்டி தட்டாமல் உள்ளங்கையால் உதிர்ப்பாள். சூட்டில் கை சிவந்துபோகும்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஸுகைனா. ஐந்து வயது. அவளுக்குத் தகப்பனிடம் பயம் என்று சொல்ல முடியாது. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். மாடியில் குடியிருக்கும் தாய்மாமன் மைமூன் கூப்பிட்டால் ஓடுவாள். ஷுஐப் கூப்பிட்டால் தாயின் முகத்தைப் பார்ப்பாள். "போடி, உங்க பாபாதானே" என்று நஜாத் தள்ளிவிட்டால், கையை மட்டும் நீட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து தாயின் பின்னால் நின்றுகொள்வாள். கடைத்தெருவில் தெரிந்தவருக்கு ஸலாம் சொல்வது போலிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, வரும் வழியில் சதுக்கத்தில் ஜவ்வுமிட்டாய்க்காரன் கம்பத்தோடு நிற்பதைப் பார்த்து ஷுஐப் ஒரு துண்டு இழுத்துத் தரச் சொன்னான். வாசலில் அதை எடுத்துக் காட்டியதும் ஸுகைனா நேராக வந்து அவன் மடியில் உட்கார்ந்துவிட்டாள். மிட்டாய் தீரும்வரை உட்கார்ந்திருந்தாள். ஜவ்வுமிட்டாய் அவ்வளவு சீக்கிரம் தீராது. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, பள்ளியில் ஒரு பெண் தன் கையைக் கடித்தது, கடித்த இடம் எது, எல்லாம் அவனிடம் சொன்னாள். அவன் அந்தக் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தடம் எதுவும் இல்லை. "ஆமா, பெரிய கடிதான்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் மிட்டாய் இல்லாமல் வந்ததே இல்லை.

நஜாத் கொஞ்சநாள் பொறுத்தாள். பிறகு ஒருநாள் அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள்.

"பிள்ள வயிறு என்ன உன் லாரியா, ஏத்த ஏத்த எடம் இருக்க? நான் இங்க கை வெந்து ஆக்குறேன். நீ வாசல்லயே அவ வயித்த அடைச்சுட்டு உள்ள வர்ற."

"ஒரு துண்டுதான் நஜாத். மிட்டாய்க்குன்னு வயித்துல தனியா ஒரு மூலை இருக்கு. எனக்கு இப்பவும் இருக்கே."

"உனக்கு இருக்கும் மனுஷா. உன் வயித்துல நாலு குடும்பத்த வாடகைக்கு வைக்கலாம்."

"சின்னப் பிள்ள, ஆசையா திங்குது."

"சாப்பிட்டதுக்கு அப்புறம் குடு. யாரு வேணாங்கறா?"

"சாப்பிட்டதும் தூங்கிடுறாளே."

அது உண்மை. கடைசி வாயை மெல்லும்போதே அவளுக்குக் கண் சொருகிவிடும். ஷுஐபுக்கு மகள் கிடைப்பது வாசலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் உள்ள அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு நீண்டிருக்காது.

"சரி, ஒரே பேச்சு" என்றாள் நஜாத். "அவ பக்கம் காலியாகணும். அப்படியே நின்னுச்சுன்னா, அடுத்த வாரத்துலேருந்து மிட்டாய் இந்த வாசப்படி தாண்டாது."

எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்கார்ந்தால் அவரவர் முன்னால் இருப்பதுதான் அவரவர் பங்கு. அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது என்பதைப் பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுவார்கள். நடுவில் இருக்கும் கறியை யாரும் தொடமாட்டார்கள். கடைசியில் நஜாத் பிய்த்துப் பங்கு வைப்பாள். சாப்பாடு முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கேட்கவே வேண்டாம். அவரவர் முன்னால் இருக்கும் பள்ளத்தைப் பார்த்தால் போதும்.

அன்று இரவு ஸுகைனா இரண்டு வாய் தின்றுவிட்டுக் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் சுவர் போல நின்றது. நஜாத் மோர் எடுக்க உள்ளே போனாள். வழக்கம்போலச் சாப்பிட இறங்கி வந்திருந்த மைமூன் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ஷுஐப் தன் பக்கத்திலிருந்தே கையை அடியில் விட்டு, மகள் பக்கத்துக் குஸ்குஸைக் கீழிருந்து உருவினான். மேலே இருந்த பூசணித் துண்டு மெல்லச் சரிந்து இறங்கியது. இன்னொரு கை. சுவர் உட்கார்ந்துவிட்டது.

ஸுகைனா பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் சிரித்தது. தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் உண்டான முதல் ரகசியம் அது.

நஜாத் வந்து சஹனைப் பார்த்தாள். "அட, நல்லா சாப்பிட்டிருக்காளே" என்றாள். அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால் உங்களுக்கே ஷுஐபின் மேல் கோபம் வந்திருக்கும்.

வாராவாரம் இப்படியே நடந்தது. இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஷுஐப் இரவெல்லாம் புரண்டு படுப்பான். நஜாத்தோ வீதியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். "மத்த நாள்ல கோழி மாதிரி கொறிப்பா. அவங்க பாபா வீட்ல இருந்தா ஒரு ஆம்பள பங்கு சாப்பிடுறா. தகப்பன் பக்கத்துல இருக்கணும், அதுதான் விஷயம்." இது ஷுஐபின் காதுக்கும் வந்தது. கேட்கக் கேட்க அவனுக்கே அது உண்மையாக இருக்கலாம் என்று தோன்ற ஆரம்பித்தது.

குளிர்காலம் தொடங்கியபோது சுகாதார நிலையத்தில் ஸுகைனாவை எடைபோட்ட நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். ஆறு மாதமாக ஏறவே இல்லை.

"சாப்பிடுறாளா?"

"வெள்ளிக்கிழமை வந்து பாருங்க. சஹன்ல அவ பக்கம் துடைச்சு எடுத்த மாதிரி இருக்கும்."

"அப்போ பூச்சிதான்" என்று நர்ஸ் மருந்து கொடுத்தாள். கசப்பு மருந்து. ஸுகைனா குடித்தது பாதி, வாந்தி எடுத்தது மீதி. எடை அப்போதும் ஏறவில்லை. "நல்லா சாப்பிட்டும் உடம்புல ஒட்டலேன்னா ரத்தம் எடுத்துப் பார்க்கணும்" என்றாள் நர்ஸ். சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொன்னாள்.

அதற்கு முந்தைய நாள் ஷுஐப் வழக்கம்போல மிட்டாயோடு வந்தான். ஸுகைனா வழக்கம்போல மடியில் ஏறினாள். நஜாத் அடுப்படி நிலையில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நாளைக்கு நீயும் வரணும். அவங்க குத்தும்போது என்னால பிடிச்சுக்க முடியாது."

"எதுக்கு ரத்தமெல்லாம்?"

"எதுக்கா? இவ்வளவு சாப்பிடுற பிள்ள இப்படி எலும்பா இருந்தா என்னன்னு நெனைக்கறது? எங்க சித்தி மகளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்கு ராத்திரியில கண்ணு மூடல, ஷுஐப்."

ஸுகைனா மணிக்கட்டில் ஒட்டிய மிட்டாயை நக்கிக்கொண்டு, பூனைக்குட்டி ஒன்று காணாமல்போன கதையைத் தொடர்ந்தாள். ஷுஐப் "ம்" கொட்டினான். இப்போது சொன்னால் இந்த மடி இன்றோடு சரி. சொல்லாவிட்டால் நாளைக்கு ஊசி. சாப்பிட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். 'சாப்பிட்ட பிறகு' என்பது நஜாத்தின் பேச்சு. அது அவனுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

சஹன் வந்தது. ஸுகைனா இரண்டு வாய் தின்றாள். நஜாத் மோருக்குப் போனாள். ஷுஐபின் கை அவன் பக்கத்திலேயே நின்றது. தன்னுடையதைக்கூட அவனால் எடுக்க முடியவில்லை.

ஸுகைனா காத்திருந்து பார்த்தாள். பிறகு அவன் காதுப்பக்கம் சாய்ந்து, ஐந்து வயதுப் பிள்ளைகள் ரகசியம் பேசும் சத்தத்தில் சொன்னாள்.

"பாபா, என்னோடத சாப்பிடு. யம்மா உள்ள போயாச்சு."

யம்மா மோர்க்குடுவையோடு அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், எவ்வளவு நாளா இந்த ஏற்பாடு?" என்றான் மைமூன்.

"நான்தான் சாப்பிட்டேன்" என்றான் ஷுஐப். "எல்லா வாரமும். அவ பக்கத்த நான்தான் சாப்பிட்டேன்."

மைமூன் சிரித்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நஜாத் குடுவையைக் கீழே வைத்தாள். "மருந்து குடிச்சு வாந்தி எடுத்தாளே, அன்னிக்கு உனக்குப் போன் பண்ணேன். 'பாவம், பாவம்'னு சொன்ன."

அவன் சஹன் விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தான்.

"நாளைக்கு ஊசி குத்தியிருப்பாங்க."

"அதுக்குள்ள சொல்லியிருப்பேன்."

"எப்போ? ஊசி உள்ள போனதுக்கு அப்புறமா?"

"மிட்டாய் இல்லேன்னா அவ என்கிட்ட வரமாட்டா, நஜாத்."

நஜாத் உட்கார்ந்து கறியைப் பிய்த்துப் பங்கு வைத்தாள். அவன் பங்கைக் கோபத்தில் குறைக்கவில்லை. சனிக்கிழமை யாரும் ரத்தம் எடுக்கப் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சதுக்கத்தில் மிட்டாய்க்காரன் இவனைப் பார்த்ததுமே கம்பத்தில் கை வைத்தான். ஷுஐப் தலையை அசைத்துவிட்டு நடந்தான்.

வாசலில் ஸுகைனா அவன் கைகளைப் பார்த்தாள். சட்டைப்பையைப் பார்த்தாள். "மிட்டாய்?"

"இன்னிக்கு இல்ல கண்ணு. நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து போய் வாங்கலாம்."

அவள் திரும்பிப் போய்த் தாயின் பின்னால் நின்றாள். அங்கிருந்து, கோபம் எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது போலக் கேட்டாள்.

"ஒண்ணும் வாங்கிட்டு வரலேன்னா இவரு எதுக்கு வந்தாரு?"

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த மைமூன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

"இது அவரு வீடு. அதனால வந்தாரு" என்றாள் நஜாத். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பிள்ளையின் உதடு பிதுங்கியது.

"விடு" என்றான் ஷுஐப். "கேட்டதுல என்ன தப்பு?" கை கழுவப் போனான். குழாயை வெகுநேரம் திறந்து வைத்திருந்தான்.

நஜாத் இத்தனை மாதம் கேட்டது இதைத்தான். மிட்டாய் இல்லாத வாசல், பசியோடு உட்காரும் பிள்ளை. கிடைத்துவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வழக்கமாகத் தன் பக்கத்தில் போடும் சின்னத் திண்டை எடுத்து ஷுஐபின் பக்கத்தில் போட்டாள். ஸுகைனா அதில் உட்கார்ந்தாள், ஆனால் உடம்பைத் தாயின் பக்கம் ஒதுக்கிக்கொண்டு.

அவளுக்கு அன்று நல்ல பசி. கரண்டி நிறைய அள்ளினாள், பாதி வழியிலேயே சிந்தினாள். ஷுஐப் கையால் சாப்பிடுகிறவன். குஸ்குஸைக் கொஞ்சம் அள்ளி, உள்ளங்கையில் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவான். ஸுகைனா இதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மற்ற வெள்ளிக்கிழமைகளில் அவள் கண் சஹனின் அடியில்தான் இருந்தது.

அவள் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. இன்னொரு உருண்டை செய்து, அவளைத் திரும்பிப் பார்க்காமல், அவள் முன்னால் சஹன் விளிம்பில் வைத்தான்.

அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவள் எடுத்தாள். பாதி வாய்க்குப் போயிற்று, பாதி மடியில் உதிர்ந்தது.

"கெட்டியா இல்ல" என்றாள். சஹனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவன் அடுத்ததை அழுத்திப் பிடித்தான்.

"இது ரொம்பச் சின்னது."

அடுத்தது.

"உள்ள கடலை வை."

குஸ்குஸில் கிடந்த கொண்டைக்கடலை ஒன்றை உள்ளே வைத்து உருட்டினான். அவள் அதை வாங்கி, கடலை எங்கே இருக்கிறது என்று கடித்துப் பார்த்துவிட்டு, மென்று விழுங்கினாள். மடிக்கு வரவில்லை. பூனைக்குட்டி கிடைத்ததா இல்லையா என்றும் சொல்லவில்லை. கையை மட்டும் மறுபடி நீட்டினாள்.

மைமூன் தன் பக்கத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தான். "கறி ஆறுதுக்கா. பங்கு வை."

"ஆறட்டும்" என்றாள் நஜாத்.