நிறையட்டும்

கிழவர் சீட்டை நீட்டிய கையைவிட அவருடைய இன்னொரு கையைத்தான் சுசீலாபாய் முதலில் அடையாளம் கண்டாள். அந்தக் கையின் சுட்டுவிரலில், கூட வந்த மகளுடைய ஸ்கூட்டர் சாவி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, ஒரு நிறுத்தம், மறுபடி எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. பதினான்கு வருடங்களுக்கு முன்பு, சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவின் துணிக்கடை ஒன்றில், அதே விரலில் அப்படிச் சுற்றியது கக்கூஸ் சாவி.

“நெல்லையப்பன். அறுபத்தாறு வயசு,” என்றாள் மகள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது. ஜானவி என்று இருந்தது. “சீக்கிரம் ஆகுமா சேச்சி? ஆபீஸ்ல ஒரு மணிக்கூறுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“யூரின் நல்லா முட்டணும். முட்டினாத்தான் படம் தெரியும். தண்ணி வாங்கிக் குடுங்க.”

கிழவர் அவளைப் பார்த்தார். பார்த்த மாதிரிதான் இருந்தது. மேஜை, மின்விசிறி, டோக்கன் தரும் பொம்பளை. பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் முதல் மாடியில் இருந்தது அந்த ஸ்கேன் சென்டர். வருகிறவர்களில் பாதிப்பேர் அடிவயிற்றுப் படத்துக்கு வருகிறவர்கள். அவர்கள் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூத்திரப்பை நிறையும்வரை காத்திருக்க வேண்டும். பை நிறைந்தால் திரையில் ஒரு கறுப்புக் குளம் போலத் தெரியும்; அதன் கரைகளில் இருப்பதெல்லாம் தெளியும். யார் பை நிறைந்தது, யாரை உள்ளே விடுவது என்று பார்த்து அனுப்புவது சுசீலாபாயின் வேலை. கழிப்பறைச் சாவியும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் ஆணியில் தொங்கியது. பூட்டாவிட்டால் பஸ் ஸ்டாண்டு ஜனம் முழுக்க மாடியேறி வந்துவிடும்.

சாலைக் கடையின் சேலைப் பகுதியில் அவள் ஒன்பது வருடம் நின்றாள். நின்றாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெண்கள் உட்கார அங்கே ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒரே கக்கூஸ். சாவி மேற்பார்வையாளர் நெல்லையப்பனிடம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வாடிக்கையாளர்கள் நடுவே போய் அவரிடம் கேட்க வேண்டும். “எதுக்குளா சாவி?” என்பார், கடை முழுக்கக் கேட்கும்படி. எதற்கென்று வாய்விட்டுச் சொன்னால்தான் சாவி வரும். சில நாள் அதற்கும் வராது. வாடிக்கையாளர்களுக்கான தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சாவகாசமாகக் கை கழுவுவார். “இந்தச் சத்தம் கேட்டா இன்னும் முட்டுமே, என்னளா?” ரெடிமேட் பகுதி ஆண்கள் சிரிப்பார்கள்.

பெண்கள் கண்டுபிடித்த வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் பாறசாலையில் பஸ் ஏறுவதற்கு முன் பால் விடாத ஒரு கட்டன் சாயா. அதோடு சரி. இரவு கடை அடைத்ததும் தம்பானூருக்கு ஓடிவந்து, பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். எரிச்சலும் குளிர்காய்ச்சலும் பெண்ணாய்ப் பிறந்தவர்களுக்கு வருவதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். உடன் நின்ற சொர்ணம்மாள் அதற்கு இளநீர் நல்லது என்பாள். இளநீர் குடித்தால் மறுபடி சாவி கேட்க வேண்டும்.

ஓணக் கூட்டத்தில் ஒருநாள், கர்ப்பமாக இருந்த சுசீலாபாய் இரண்டு தடவை சாவி கேட்டாள். “அஞ்சு நிமிஷம் பிடிச்சு நிறுத்தினா செத்தா போவ?” என்றார். மூன்றாவது தடவை கேட்க அவள் நடக்கும்போதே கால்வழியே இறங்கிவிட்டது. சேலை விரிக்கிற வெள்ளைத் துணி நனைந்தது. நெல்லையப்பன் அதன் நுனியை இரண்டு விரலால் பிடித்து உயர்த்தினார். “புது டிசைன் வந்திருக்கு. யாருக்கு வேணும்?” சிரித்தவர்களில் பெண்களும் உண்டு. அந்த வாரமே அவளுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. முதுகில் விலாவுக்குக் கீழே யாரோ ஆணி அடிப்பதுபோல வலி. ஆறாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. பிறகு கரு தங்கவும் இல்லை.

ஸ்கேன் சென்டருக்குப் புது மெஷின் வந்த அன்று டாக்டரம்மா சோதித்துப் பார்க்க இவளைத்தான் படுக்கவைத்தாள். இடது சிறுநீரகம் சரியாக இருந்தது. வலது, சூம்பிப்போன மாங்கொட்டைபோல ஒட்டிக்கிடந்தது. சுவரில் இருந்த படத்தைக் காட்டி டாக்டரம்மா விளக்கினாள்: மேலே இரண்டு சிறுநீரகம், அவற்றிலிருந்து இறங்குகிற இரண்டு மெல்லிய குழாய், கீழே பை. பையில் தேங்கி நிற்கும்போது கிருமி பெருகும். அது குழாய்வழியாக மேலே ஏறினால் சிறுநீரகம் தழும்பாகும். எப்போது நடந்தது, எதனால் நடந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. டாக்டரம்மாவால் சொல்ல முடியாததை சுசீலாபாய் அன்று பஸ்ஸில் போகும்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெயரோடு சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பெயர் இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த அறையில், இத்தனை பேருக்கு நடுவே, மகள் பார்க்க, அந்த வெள்ளை வேட்டி நனைய வேண்டும்.

வெளியே ஜூன் மாத மழை தகரக் கூரையில் கொட்டியது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போய்த் திரும்பினார்கள்.

“சேச்சி, அப்பாக்கு முட்டுதாம்.”

“அது தண்ணி குடிச்ச உடனே தோணும், கேட்டியா மோளே. நிறையட்டும். இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வா.”

ஜானவி நனைந்துகொண்டே போய் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்து அப்பாவின் வாயருகே பிடித்தாள். “மடமடன்னு குடிங்கப்பா, எனக்குப் போகணும்.” அவர் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை சுசீலாபாய் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவர் கால்மேல் கால் போட்டார். பிறகு இறக்கினார். சாவி சுற்றுவது நின்றுபோனது. இரண்டு பேரை அவள் மேலும் உள்ளே அனுப்பினாள். ஒரு கர்ப்பிணிக்கு அவசரம் என்றாள், அது பொய்யில்லை. அடுத்தவருக்குச் சொன்னது பொய்.

கடைசியில் அவரே எழுந்து வந்தார். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மெல்லக் கேட்டார். “எம்மா, கக்கூஸ் சாவி இருக்கா?”

“எதுக்கு அண்ணாச்சி சாவி?”

அறை முழுக்கக் கேட்டது. டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவர் நிமிர்ந்தார். அண்ணாச்சி என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்று அவர் கண்கள் அவள் முகத்தில் தேடின.

“எதுக்குன்னு சொல்லுங்க.”

“ஒண்ணுக்குப் போவணும்,” என்றார். பிறகு, “நீ... சாலைக் கடையில நின்ன பிள்ளையா? ரெடிமேட்ல?”

“சேலையில.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைத்தான் அவள் எதிர்பார்க்கவில்லை. “அதான பாத்தேன்! அப்பம் ஒனக்கு என்னைய நல்லாத் தெரியுமே. மொதலாளி நாளைக்கு ஒரு தடவைதான் சாவி குடுக்கச் சொன்னாரு, தெரியுமா? நான் அவருக்குத் தெரியாம ரெண்டு தடவை குடுப்பேன். ஒங்க பாவம் எனக்கு வேண்டாம்னுதான். அந்த நன்றிக்காவது இப்பம் தா.”

சுசீலாபாய் ஆணியில் தொங்கிய சாவியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சீட்டுகளை அடுக்கினாள்.

“அஞ்சு நிமிஷம் பிடிச்சு நிறுத்தினா செத்தா போவீங்க? போய் இரிங்க.”

அவருக்கு அந்த வார்த்தைகளும் நினைவில்லை என்பது தெரிந்தது. போய் உட்கார்ந்தார். முழங்கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நனையவில்லை. அஞ்சு நிமிஷம் போய், அதற்குமேலும் நேரம் போய், டாக்டரம்மாவே கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கேட்டபோதும் நனையவில்லை.

உள்ளே திரையில் அந்தக் கறுப்புக் குளம் ஓரங்களை முட்டிக்கொண்டு நின்றது. டாக்டரம்மா கருவியை நிறுத்தினாள். “எந்தா இது? இத்ரயும் நேரம் ஏன் பிடிச்சு வெச்சது? சுசீலே, இவரை நேரத்தோடயே அனுப்பியிருக்கணுமே.”

“முட்டலைன்னு சொன்னாரு டாக்டரே.”

படுத்திருந்தவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பத்து பேர் முன்னால் கேட்டதை இன்னொரு தடவை சொல்ல அவருக்கு இஷ்டமில்லை போலிருந்தது.

“பிராஸ்டேட் நல்லா வீங்கியிருக்கு. போயி மூத்திரம் ஒழிச்சிட்டு வரட்டும். எவ்வளவு மிச்சம் நிக்குன்னு பாக்கணும்,” என்றாள் டாக்டரம்மா.

சாவியை சுசீலாபாய்தான் கொண்டுபோய்க் கழிப்பறையைத் திறந்துவிட்டாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டாக்டரம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டாள். ஜானவி மணியைப் பார்த்தபடி வெளியே நின்றாள். உள்ளே நீர் விழும் சத்தம் இல்லை. முக்குகிற ஒலி மட்டும் கேட்டது, அதன்பின் மூச்சு.

“அப்பா? ஆச்சா? கழிஞ்சுதா?”

“வரமாட்டேங்கு,” என்றது குரல். “நிக்கேன், வரமாட்டேங்கு.”

சுவரில் இருந்த படத்தை சுசீலாபாய் வருடக்கணக்காகப் பார்த்து வருகிறாள். பையின் வாயில், மூத்திரம் வெளியேறும் குழாயைச் சுற்றி, பிராஸ்டேட்டை ஒரு ஜாதிக்காய் அளவுக்கு வரைந்திருக்கும். அது வீங்கிய கிழவர்கள் அளவுக்கு மீறி அடக்கினால் வழி மொத்தமாக அடைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள். பிறகு மெடிக்கல் காலேஜ் காஷுவாலிட்டிக்குக் கொண்டுபோய், குழாய் செருகித்தான் எடுக்க வேண்டும். அவள் கேட்டது நனைந்த வேட்டி. கிடைத்தது இது.

“யம்மா... வயிறு வெடிக்குளா... யாராச்சும்...”

“சேச்சி, டாக்டரைக் கூப்பிடுங்க!” ஜானவி அழத் தொடங்கியிருந்தாள்.

ஸ்கேன் அறைக் கதவு நாலு எட்டில் இருந்தது. சுசீலாபாய் அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு கழிப்பறைச் சுவரை ஒட்டியிருந்த கைகழுவும் தொட்டிக்குப் போய் குழாயைத் திறந்தாள். தண்ணீர் முதலில் நூலாக விழுந்தது. இன்னும் திருகினாள். பீங்கானில் அது கொட்டுகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது; சாலைக் கடையில் அவர் கை கழுவும்போது கேட்ட அதே சத்தம். உள்ளே முனகல் நின்றது. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவளும் குழாயிலிருந்து கையை எடுக்காமல், கதவின் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு நின்றாள்.