அடைபட்ட துளை

1

இப்போது எஞ்சினை அணைத்தால் பயந்துவிட்டேன் என்பார். அணைக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நின்றுவிடும். கரையோரத்திலா நடு ஆற்றிலா என்பதுதான் தெரியாது. தண்ணீர் ஏன் வரவில்லை? கை வைத்துப் பார்க்கலாமா? வைத்தால் அவர் பார்ப்பார். பார்க்கட்டுமே. இல்லை, அவர் பார்ப்பதல்ல, நான் எதற்காக இவ்வளவு

[வசந்தாமணி என்ற பெண்ணின் மனதில் இப்படி ஓடியதாக எழுதியிருக்கிறேன். ஓடியதா என்று எனக்குத் தெரியாது. ஆகவே இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.]

ஆற்றில் படகு ஓட்டுகிறவர்களுக்கு எளிய தமிழில் ஒரு கையேடு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். படகோட்டம், ஓதம் என்கிற நீரேற்ற இறக்கம், எஞ்சின் பராமரிப்பு என்று மூன்று பகுதிகள். நான் ராசிபுரத்துக்காரி. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில் வரும். அதனால், ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு மேலே காவிரிக் கரையில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் வசந்தாமணியிடம் கற்றுக்கொள்ளப் போனேன். அவர்களுக்கு அக்கரையிலும் நிலம் உண்டு. கணவர் வெள்ளியங்கிரி போர்வெல் ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். வாழைத்தாரையும் வேலையாட்களையும் அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் வருவது வசந்தாமணிதான்.

அவருடைய எஞ்சினின் பக்கவாட்டில், ஒரு சின்னத் துளையைச் சுற்றி, சுரண்டியும் போகாத பசை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?" என்று கேட்டேன்.

"அதுங்களா, எங்க கொழுந்தனாரு அடச்சதுங்க."

"எதுக்கு?"

"ஒழுகுதுன்னு." சிரித்தார். "அந்தச் சமயந்தான் அவிங்க பையனுக்குக் கலியாணம்."

அதற்கு மேல் கேட்டபோது பேச்சை வாழை விலைக்குத் திருப்பிவிட்டார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் நான் செய்தது.

2

கையேட்டிலிருந்து, எஞ்சின் பகுதி:

"படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஆற்றுத் தண்ணீரையே அடியிலிருந்து உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, வெளியேற்றித் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது. அதில் கொஞ்சம் பக்கவாட்டுத் துளை வழியாக நூல் போலப் பீய்ச்சும். ஸ்டார்ட் செய்ததும் முதலில் பார்க்கவேண்டியது அந்த நூலைத்தான். வராவிட்டால் உடனே அணைக்கவும். மணலும் வேரும் அதிகமுள்ள ஆற்றில், உள்ளே தண்ணீரை உந்தும் ரப்பர் சக்கரம் சீக்கிரம் கிழியும். வருஷத்துக்கு ஒருமுறையாவது அதை மாற்றவும்."

இதைப் படித்த யாரும் அந்தத் துளையை அடைக்கமாட்டார்கள். ஆனால் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்களை எனக்குத் தெரியும். லாரியிலும் ரிக்கிலும் வளர்ந்தவர்கள். எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியே வந்தால் அவர்களுக்குப் பொறுக்காது. எங்கோ ஹோஸ் போய்விட்டது என்று அர்த்தம். அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். இது முட்டாள்தனம் அல்ல. வேறொரு எஞ்சினுக்குச் சரியான அறிவு. (என் கதைக்கு இது வசதி. கெட்டவன் இல்லாமலே ஆபத்து வந்துவிடுகிறது. இவ்வளவு வசதியாக ஒன்று கிடைத்தால் எனக்குச் சந்தேகம் வரும்.)

3

ஓதத்தைப் பற்றி என்ன எழுதுவது? கடல் இங்கிருந்து வெகுதூரம். நிலவு இந்தத் தண்ணீரை ஏற்றி இறக்குவதில்லை.

"ஏறி இறங்குமுங்க," என்றார் வசந்தாமணி. "மேல அணையில ஷட்டரத் தூக்குனா ஏறும், எறக்குனா எறங்கும். பஞ்சாங்கமெல்லாம் இல்லீங்க. ஒலிபெருக்கி கட்டுன ஆட்டோ ஒண்ணு வரும். செல சமயம் தண்ணிக்கப்பறம் வரும்."*

* இதிலிருந்து நான் எழுதிக்கொண்டவை: துறையில் ஒரு குச்சி நட்டுவைத்துக் கண் அதன்மேல் இருக்கட்டும். தண்ணீர் கலங்கி, நுரையும் சருகும் மிதந்து வந்தால் மேலே திறந்துவிட்டார்கள். கயிற்றைத் தளர்வாகக் கட்டவும். இறுக்கிக் கட்டிய படகு ஏறும் தண்ணீரில் தலைகுப்புறக் கவிழும். தடுப்பணைக்கு மேலே ஓட்டுகிறவர்கள் துடுப்பும் நங்கூரமும் இல்லாமல் ஏறவேண்டாம். எஞ்சின் நின்ற படகு தானாகப் போகும் இடம் ஒன்றுதான், கீழே தடுப்பணையின் ஷட்டர்.

4

தொடக்கங்கள்:

அ. "ஆவணி மாதத்துக் காவிரி அன்று கல்யாணப் பெண்ணைப் போல" — வேண்டாம். கல்யாணப் பெண்கள் ஆற்றைப் போல இருப்பதில்லை, பசியோடு இருப்பார்கள்.

ஆ. "பாலத்தின் நடுவில் தேங்காய் நார் ஏற்றிய லாரி அச்சு முறிந்து" — இது வேண்டும், ஆனால் முதல் வரியாக அல்ல.

இ. மேலே ஒன்றாம் பகுதியில் நீங்கள் படித்தது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

நடந்தது இது. வசந்தாமணியின் கொழுந்தன் ஜெகதீஸ்வரன் இரண்டு ரிக் வண்டிக்குச் சொந்தக்காரர். அவர் மகனுக்கு அக்கரை மண்டபத்தில் காலை முகூர்த்தம். சொந்தமெல்லாம் முந்தின நாளே போய்விட்டது. மகள் தனப்பிரியா, பெங்களூரில் விடுப்புக் கிடைக்காமல், விடியும்போதுதான் இக்கரையில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அழைத்துப்போகத் தகப்பனே கார் எடுத்து வந்தார். திரும்பும்போது பாலத்தில் லாரி. ஆற்றில் கீழே தள்ளியிருக்கும் வேலூர்ப் பாலம் வழியாகச் சுற்றினால் முகூர்த்தம் தப்பிவிடும்.

தனப்பிரியா வெறும் விருந்தாளி இல்லை. இந்தப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் தாலிக்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்யவேண்டிய சீர். அவள் நின்றால்தான் மேலே நடக்கும். உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் நிற்கலாம்.

பங்காளி வீட்டில் இருப்பது ஒரே பெண். வசந்தாமணியின் மகள் அகல்யா. அவள் அப்போது மண்டபத்தில் இருக்கிறாள்.

[இதை எழுதி முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அகல்யாவை நான் ஏன் உள்ளே கொண்டுவந்தேன்? எஞ்சின் மட்டும் போதாதா? போதாது. எஞ்சின் பழுது என்றால் யாரும் மறுக்கலாம். தன் மறுப்பினால் தன் மகளுக்கு ஓர் இடம் கிடைக்கும் என்று தெரிந்தும் மறுக்கிறவளைத்தான் எனக்குப் பார்க்கவேண்டியிருந்தது.]

5

வசந்தாமணியும் கல்யாணத்துக்குக் கிளம்பித்தான் இருந்தாள். வாழைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தனியாக அக்கரை போவதாக இருந்தவள். ஜெகதீஸ்வரன் துறைக்கு இறங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் முன்பலகையில் உட்கார்ந்தாயிற்று. தனப்பிரியா செருப்பைக் கையில் பிடித்தபடி கடைசிப் படியில் நின்றாள்.

கயிற்றை இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழக்கத்தில் வசந்தாமணியின் கண் பக்கவாட்டுக்குப் போனது. நூல் இல்லை. ஒரு மூச்சு நேரம் காத்தாள். எஞ்சினின் தலையில் கை வைத்தாள். அணைத்தாள்.

"என்னாச்சுங் நங்கை?" என்றார் ஜெகதீஸ்வரன். அண்ணன் மனைவியை இங்கே நங்கை என்பார்கள்.

"தண்ணி வரலீங் தம்பி. இந்த ஓட்டையில."

"அதா? ஒழுகிட்டு இருந்துச்சு. முந்தாநேத்து ஆயில் மாத்தறப்பப் பாத்தேன், அப்பவே அடச்சுட்டேன். சொல்ல மறந்துபோச்சு." நல்லது செய்தவரின் முகம் அது.

"அது ஒழுகறதில்லீங்க. உள்ள தண்ணி சுத்துதுன்னு காட்டறது."

"நானு கம்ப்ரசரையே பிரிச்சு மாட்டறவன் நங்கை. வெளிய வந்துட்டிருந்தத உள்ளயே நிறுத்திருக்கறேன், இன்னும் குளிர்ச்சியாத்தான் இருக்கும்."

"இவரு என் ஸ்கூட்டியையும் இப்படித்தான் பெரியம்மா சர்வீஸ் பண்ணுனாரு," என்றாள் தனப்பிரியா.

"ஏன், ஓடுச்சல்ல?"

"ஓடுச்சு. நிக்கத்தான் இல்ல."

மூவரும் சிரித்தார்கள். வசந்தாமணி சிரித்துக்கொண்டே சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிப் பசையைக் குத்தினாள். கல்லாக இறுகியிருந்தது. மெல்ல ஒரு செதில் பெயர்ந்து ஊக்கு உள்ளே போனது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். நூல் வரவில்லை. மறுபடி அணைத்தாள். பசை உள்ளே இறங்கி வெறும் துளையை மட்டும் அடைத்திருக்கலாம். அப்படியானால் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, அக்கரை போய்விடலாம். அல்லது ரப்பர் சக்கரம் கிழிந்திருக்கலாம். அப்படியானால் நடு ஆற்றில் இறுகி நின்றுவிடும். எது என்று பார்க்க எஞ்சினைக் கழற்றவேண்டும். காட்டிக்கொடுக்க இருந்த ஒரே கண்ணை அவர் அடைத்துவிட்டார்.

துறையில் நட்ட குச்சியின் பாதி இப்போது தண்ணீருக்குள் இருந்தது. விடியும்போது அது வெளியே இருந்தது. நுரை வரத் தொடங்கியிருந்தது.

ஜெகதீஸ்வரனின் போன் அடித்தது. மண்டபத்திலிருந்து அவர் மனைவி. மண்டபத்துச் சத்தத்தில் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அருமைக்காரரு கேட்டுட்டே இருக்கறாருங்க," என்றது குரல். கல்யாணச் சீர்களை நடத்திவைக்கும் பெரியவரைச் சொல்கிறாள். "சீருக்கு நிக்கற புள்ள எங்கீங்கறாரு. இல்லீன்னா அகல்யாவ நிறுத்திக்கலாமாங்கறாரு."

போனை இறக்கிக்கொண்டு அவர் வசந்தாமணியைப் பார்த்தார். கோபமில்லை. சிரிப்புக்கூட இருந்தது.

"அப்பறம் என்னுங் நங்கை. உங்களுக்கு மோட்டாரு ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன."

6

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றுவிட்டேன்.

அந்தச் சொல் விழுவதற்கு முன் வசந்தாமணியின் மனம் எப்படி இருந்தது? எஞ்சின், தண்ணீர், குச்சி. விழுந்த பிறகு? அவள் தன்னையே தோண்டத் தொடங்கினாள். அகல்யா மேடையில் நிற்பதை நான் நினைத்தேனா? நினைத்தேன். எப்போது? எஞ்சினை அணைத்த பிறகா, அணைப்பதற்கு முன்பா? தனப்பிரியா பிறந்த நாளிலிருந்து இந்தச் சீர் அவளுக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிவந்தபோது, என் மகளுக்கு ஓர் அண்ணன் இல்லையே என்று ஒருமுறையாவது எனக்குள்

கை வைத்தபோது எஞ்சின் சுட்டது உண்மை. அவ்வளவு சுட்டதா? ஓடிய கொஞ்ச நேரத்துக்கு எந்த எஞ்சினும் சுடத்தானே செய்யும்?

எனக்கும் அவள்மீது சந்தேகம் வந்தது. படைத்தவளுக்கே வந்தால் கொழுந்தனுக்கு வராதா? சரியான காரணம் ஒன்று கையில் இருக்கும்போது, அதற்குப் பின்னால் தவறான காரணம் ஒன்று ஒளிந்திருந்தால், அந்த மறுப்பு சரியா தவறா? என் கையேட்டில் இதற்கு ஒரு வரி இல்லை. "நூல் வராவிட்டால் அணைக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. அணைக்கிறவர் மனசு எப்படியிருக்கவேண்டும் என்று அதில் சொல்லவில்லை.

7

அவள் போகிறாள் என்று எழுதிப் பார்த்தேன். பாதி ஆற்றில் எஞ்சின் ஒரு முனகலோடு இறுகி நிற்கிறது. ஜெகதீஸ்வரன் துடுப்பைத் தண்ணீரில் குத்துகிறார், படகு சுற்றுகிறது, தடுப்பணையின் இரைச்சல் பெரிதாகிறது, தனப்பிரியா பட்டுச்சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு

நன்றாகத்தான் வந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

அவள் போகிறாள், ஒன்றும் ஆகவில்லை என்றும் எழுதினேன். அக்கரையில் இறங்கி ஜெகதீஸ்வரன், "பாத்தீங்ளா நங்கை" என்கிறார். இதுதான் இரண்டிலும் பயங்கரமானது. அடுத்த ஆவணியில் அதே எஞ்சினில் அவர் வேறு யாரையோ ஏற்றுவார்.

(எஞ்சின் இன்றும் ஓடுகிறது, வசந்தாமணியும் இருக்கிறார், ஆகவே ஒன்றும் ஆகியிருக்காது என்று நீங்கள் கணக்குப் போடலாம். போடாதீர்கள். தனப்பிரியாவை நான் பார்த்ததில்லை.)

8

ஆகவே அவளைத் துறையிலேயே விட்டேன்.

வசந்தாமணி படகில்

வசந்தாமணி சற்று யோசித்துவிட்டுப் படகில் ஏறி

எழுத எழுத அவள் வேறெதையோ செய்துகொண்டிருந்தாள். பெட்ரோல் குழாயைக் கழற்றினாள். எஞ்சினைச் சாய்த்து விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்தாள். கட்டியிருந்த கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள்.

"வேண்டாங் தம்பி. எறங்குங்க," என்றாள். "காரெடுங்க."

"போய்ச் சேர்றதுக்குள்ள தாலி கட்டிருவாங்க பெரியம்மா," என்றாள் தனப்பிரியா. அவள் கண் கலங்கியிருந்தது. அவளிடம் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் வசந்தாமணியை வதைத்தது.

"தெரியுஞ் சாமி."

ஜெகதீஸ்வரன் படகிலிருந்து இறங்கினார். போனில் எதையோ அழுத்தினார். நீட்டினார்.

"அகல்யா லைன்ல இருக்கறா. மோட்டாருதான் காரணம்னா, அவகிட்டச் சொல்லுங்க. நீ நிக்கவேண்டாம், தனா வந்துதான் நிப்பான்னு. முகூர்த்தம் போனாப் போகுது, அடுத்த நல்ல நேரம் பாத்துக்கலாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க நங்கை. நான் நம்பிக்கறேன்."

இதைவிட எளிதான வழி கிடையாது. ஒரே வார்த்தையில் அவள் மனம் கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிடும். என் கதையும் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால், அவர் மட்டுமல்ல, நானும் அவளிடம் அந்தப் போனை நீட்டிக்கொண்டிருந்தேன். நீங்களும்தான் என்று நினைக்கிறேன்.

"அம்மா?" என்றது போன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

வசந்தாமணி கை நீட்டவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆத்துல போலாமா வேண்டாமான்னு நாஞ் சொல்றனுங்க," என்றாள். "அதுக்கு மட்டுந்தானுங்க. சீருக்கு யாரு நிக்கறதுன்னு நாஞ் சொல்ல மாட்டேன்."

"அம்மா, நான் நிக்கட்டுமா, வேண்டாமா?"